யாரும் கை வைக்காத இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் சுகம்தானே? உன் சளி விட்டதா? மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது உன் பழக்கம், அதனால் கேட்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் அத்தானுக்குக் காது மந்தமாகிவிட்டது. யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். எழுதினால்தான் எனக்கும் யோசித்துச் சொல்ல முடிகிறது.

விஷயம் இதுதான். அத்தானின் வாட்சுகளை இன்சூர் செய்ய வேண்டும். நஷ்டஈடு பிரிவில் உட்கார்ந்துகொண்டு ஊரார் கேட்பதற்கெல்லாம் 'இல்லை' என்று பதில் எழுதுகிறவன் நீ. உன்னை விட்டால் யாரைக் கேட்பது? எங்கள் வீட்டுக்கு உன் கம்பெனி பாலிசி இருக்கிறதே. வாட்சும் வீட்டுச் சாமான்தானே, அதில் அடங்காதா? மூன்று இருக்கின்றன. தினமும் கட்டுகிற ஸ்டீல் ஒன்று. நீல முகப்பு வைத்தது ஒன்று, கடலுக்குள் முங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்பார். மூன்றாவது தங்கம். துறைமுகத்தில் பைலட்டாக இருந்து அத்தனை வருஷம் கப்பல்களை வழிகாட்டி உள்ளே கூட்டி வந்ததற்காக, ஓய்வு பெற்ற அன்று கப்பல் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து கொடுத்தது. ஒவ்வொன்றும் ஒரு கார் விலை போகும் என்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போய்விட்டது. அதனால்தான் இந்த யோசனை. இன்னொன்றும் கேட்க வேண்டும். திருடன் எடுக்காமல், வாட்சுக்காரரே எங்கேயாவது கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டால் அதற்கும் பணம் தருவீர்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வெயிலில் தலையில் துணி போடாமல் போகாதே.

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சளி விட்டுவிட்டது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதால்தான் விட்டது. நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய், அத்தான் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. கணக்கு டீச்சரே ஒரு படியை விட்டுவிட்டு விடை எழுதினால் மார்க்கைக் குறைக்க வேண்டியதுதான்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் எங்கள் கம்பெனி நடக்கிறது, அதனால் கவனமாகப் படி. வீட்டுப் பாலிசியில் வாட்சும் உண்டு, நகையும் உண்டு. ஆனால் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கிறோம். அந்த வரம்பில் அத்தானுடைய தங்க வாட்சின் பட்டையைக்கூட வாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியே பாலிசியில் எழுதிச் சேர்க்க வேண்டும். வாட்ச் கடைக்காரர் ஒருவர் பார்த்து விலை மதிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் போட்டோ வேண்டும். பின்மூடியில் பொறித்த நம்பர் வேண்டும். நம்பரை அத்தானிடமே கேள், மனப்பாடமாகச் சொல்வார்.

நீ 'சும்மா' கேட்டதற்குப் பதில்: வாட்சுக்காரரே தொலைத்தாலும் கிடைக்கும், வெளியூரில் தொலைத்தாலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், பிரீமியம் ஏறும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதே. அதற்கு ஒரு கேள்வி கேட்பார்கள்: சமீபத்தில் இப்படி ஏதாவது தொலைத்ததுண்டா? உண்டென்றால் உண்டு என்று எழுதிவிடு. மறைத்தால் பிறகு பாலிசியே செல்லாது. திருட்டு என்றால் போலீஸில் புகார் கொடுத்த தாளும் வேண்டும்.

அது சரி, அத்தானிடம் நான்கு வாட்ச் அல்லவா இருந்தது? தோல் பட்டை போட்டது எங்கே? சின்ன வயதில் அதைப் பார்க்கத்தானே நான் அவர் கப்பல் பையைத் திறந்து மாட்டிக்கொண்டேன். "இன்னொருத்தன் பையில கை வைக்காத. கப்பல்ல அதுக்கு மேல தப்பு கிடையாது" என்றார். அவர் என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளை காலேஜ் சேர்ந்ததற்கு நீங்கள் அனுப்பிய சட்டைப் பார்சல் வந்தது. கயிற்றில் அத்தானின் முடிச்சு. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தோம். அவர் போட்டதை அவிழ்க்க அவரேதான் வர வேண்டும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். பிள்ளைக்குச் சட்டை அளவு சரியாக இருந்ததா என்று நீ எழுதவே இல்லை. உன் கடிதம் கிடைத்து, சொன்னபடி எல்லாம் செய்துவிட்டேன்.

வாட்ச் கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். கூடத்து மேஜையில் வெல்வெட் துணி விரித்து, மூன்றையும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையலம்மா டீ கொண்டுவந்தாள். வாட்சுக்குப் பக்கத்தில் டீ வைக்கக் கூடாது என்று கடைக்காரர் அவளைத் திருப்பிவிட்டார். எட்டு வருஷமாக இந்த வீட்டில் அவளை யாரும் அப்படித் திருப்பியதில்லை. முகம் சுண்டிப் போய்விட்டது. அத்தான்தான் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, "எனக்குக் குடும்மா, நான் வாட்ச் மேல ஊத்த மாட்டேன்" என்று சமாளித்தார்.

நம்பரை நீ சொன்னது போலவே மனப்பாடமாகச் சொன்னார். மூன்று வாட்ச், மூன்று நீள நம்பர், ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைக்காரர் லென்ஸை எடுத்துவிட்டு, "எனக்கு என் போன் நம்பரே ஞாபகம் இருக்காது சார்" என்றார். அவர் போன பிறகு, "யாரு வந்துட்டுப் போனது?" என்று கேட்டார் அத்தான். காது மந்தம் என்று எழுதினேன் அல்லவா.

சுவரில் பதிக்கிற சின்னப் பெட்டகம் ஒன்று வாங்கச் சொன்னார் கடைக்காரர். நம்பர் போட்டுத் திறப்பதாம். அது வேண்டாம். சாவி போட்டதும் உண்டாம், அதுவும் வேண்டாம். வேறு வழி இருந்தால் எழுது.

முன்னே ஏதாவது தொலைந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

அத்தானுக்கு என்ன, நன்றாகச் சாப்பிடுகிறார். கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்கிறாரே, அந்தப் பள்ளிக்கு இப்போது நானும் கூடப் போகிறேன். அவர் வகுப்பு முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் நடந்த மாதிரி இருக்கிறது.

குழந்தையிலிருந்தே உனக்கு நெஞ்சுச்சளி. ஐஸ் தண்ணீர் குடிக்காதே.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சட்டை கச்சிதம், பிள்ளை அதைக் கழற்றவே மாட்டேன் என்கிறான், துவைக்கத்தான் வழியில்லை.

வாட்சுகளைப் பாலிசியில் சேர்த்தாகிவிட்டது. தாள் இத்துடன் இருக்கிறது. தொலைத்தால் கிடைக்கும் பாதுகாப்பும் அதில் உண்டு. பத்திரப்படுத்து.

பெட்டகம் ஏன் வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. சரி, உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? பெட்டகம் இல்லையென்றால் ஒன்று செய். மூன்றையும் ஒரே இடத்தில் வைக்காதே. திருடன் முதலில் உடைப்பது பீரோ, அடுத்தது மெத்தை, அதற்கடுத்தது அரிசி டப்பா. இத்தனை வருஷமாக நான் படிப்பதெல்லாம் இந்தக் கதைதான். யாரும் கை வைக்காத இடமாகப் பார்த்து ஒவ்வொன்றாக வை. இடத்தை அத்தானே பார்க்கட்டும். அவ்வளவு பெரிய கப்பலை நிறுத்த இடம் பார்த்தவருக்கு ஒரு வாட்சுக்கு இடம் பார்ப்பது பெரிய காரியமா?

காது மந்தத்துக்கு டாக்டரிடம் காட்டினாயா? வந்தவர் பேசியது கேட்கவில்லை என்றால் புரிகிறது. வந்தவரே தெரியவில்லை என்றால் அது காதுதானா? தோல் பட்டை வாட்சைப் பற்றியும் நீ எழுதவில்லை. நான் விசாரணை செய்கிறேன் என்று நினைக்காதே, ஆபீஸ் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

பாலிசி வந்து சேர்ந்தது. இங்கே எல்லாம் வழக்கம் போல. உன் வீட்டுக்காரியின் கால் சுளுக்கு சரியாகிவிட்டதா? நான் அனுப்பிய தைலம் உதவியதா?

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். காது பற்றி எழுதியதை மட்டும் விட்டுவிட்டேன். 'யாரும் கை வைக்காத இடம்' என்ற வரி வந்ததும் மறுபடியும் படிக்கச் சொன்னார். "உன் தம்பிக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று சிரித்தார். அன்றிலிருந்து வீட்டை ஒவ்வொரு அறையாகச் சுற்றி வந்து மேலும் கீழும் பார்க்கிறார். சமையலம்மா, "ஐயா, வீட்ட விக்கப் போறீங்களா, இப்படி அளக்கிறீங்க?" என்று கேட்கிறாள். அவளிடம் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகிறார். அவரைச் சாப்பிட வைக்கவும், மாத்திரை போட வைக்கவும் அவளால்தான் முடிகிறது. நான் சொன்னால் "அப்புறம்" என்பவர், அவள் இடுப்பில் கை வைத்து நின்றால் மறுபேச்சில்லாமல் வாயைத் திறக்கிறார்.

அவர் இப்படிச் சிரித்துக் கொஞ்ச காலம் ஆகிவிட்டது, தம்பி. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? உன் பதில் வருமுன் எழுதுகிறேன், ஒன்றும் பயப்பட வேண்டாம்.

தங்க வாட்சைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். அத்தானைக் கேட்டேன், "பத்திரமா இருக்கு" என்றார். எங்கே என்றால், "பத்திரமா இருக்கு" என்றே திரும்பச் சொன்னார். போலீஸில் புகார் கொடுத்த தாள் வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். தாளை மட்டும் கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வெளியாள் யார் வருவது என்று கேட்டார்கள். சமையலம்மா ஒருத்திதான்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அவள் பை மாட்டியிருந்தது. அதில் டிபன் டப்பாவுக்கு அடியில் இருந்தது வாட்ச். கைக்குட்டையில் சுற்றி, மெல்லிய கயிற்றால் கட்டியிருந்தது. போலீஸ்காரர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. கூட வந்தவரும் பார்த்தார். கடைசியில் பிளேடு கேட்டு வாங்கி அறுத்தார்கள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்று அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா" என்றாள். நான் என்ன சொல்வது? அத்தான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாட்ச் கிடைத்துவிட்டதால் உன் ஆபீஸில் ஒன்றும் கேட்க வேண்டாம். இதை இத்தோடு விட்டுவிடு.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவும் கை வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை முதலில் ஆபீஸ்காரனாகப் படித்தேன். பொருள் கிடைத்தது, ஆள் பிடிபட்டாள், முடிந்தது என்று மடித்து வைத்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. எடுத்து மறுபடியும் படித்தேன்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேராலும் அவிழ்க்க முடியாத முடிச்சைச் சமையல் செய்கிற ஒரு அம்மாள் எங்கே கற்றுக்கொண்டாள், அக்கா? திருடின பொருளை டிபன் டப்பாவுக்கு அடியில் போட்டு, திருடின வீட்டுக் கதவிலேயே மாட்டி வைப்பவள் எந்த ஊர்த் திருடி?

அந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். நீ அந்த வரியை எழுதும்போது உனக்கும் தெரியும். 'யாரும் கை வைக்காத இடம்' என்று எழுதியவன் நான். கப்பலில் இன்னொருத்தன் பையைத் தொடுவதற்கு மேல் தப்பில்லை என்று சொன்னவர் அவர். நான் எழுதியதை அவர் அப்படியே செய்திருக்கிறார். செய்ததை மறந்துவிட்டார். இதுதானே நடந்தது?

காது மந்தம் என்று இனி எழுதாதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய், அந்தச் சோறும் இன்னொருத்தியுடைய சோறு. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல். போனேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள மச்சானுக்கு,

நான் இங்கே திடமாக இருக்கிறேன். காற்று தெற்கிலிருந்து, கடல் அமைதி. நீ எப்படி இருக்கிறாய்?

மேஜை மேல் உன் உறை கிடந்தது. உன் அக்கா பிரித்துப் படித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறாள், பதில் போட்ட மாதிரி தெரியவில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது மரியாதை அல்ல. அதனால் நானே எழுதுகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அது அவளுக்கு வந்தது.

நீ சொன்ன யோசனைப்படி எல்லாம் செய்தாகிவிட்டது. இடத்தை மட்டும் எழுத மாட்டேன். தபால் பல கை மாறி வருகிறது. கவலைப்படாதே, பத்திரமான கையில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு குறை. சமையலம்மா கொஞ்ச நாளாக வரவில்லை. லீவு என்றால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். உன் அக்கா சோற்றைக் குழைத்து வடிக்கிறாள், எதிர்த்துப் பேச எனக்குத் தைரியமில்லை. அந்த அம்மாளை எங்கேயாவது பார்த்தால் சீக்கிரம் வரச் சொல்.

உன் அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாயா?

இப்படிக்கு,
உன் அத்தான்


ஜூன் 7

அக்கா,

அத்தான் கடிதம் எழுதியிருக்கிறார். அப்பாவின் முழங்காலை விசாரித்திருக்கிறார். அப்பாவைத் தூக்கிச் சென்ற நான்கு தோள்களில் ஒன்று அவருடையது. பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை படித்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

எவ்வளவு நாளாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாய்? உன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி போகாது.

போன வாரம் உங்கள் ஊர்க் கிளையில் வேலை பார்க்கிறவரிடம் சொல்லி விசாரித்தேன். சமையலம்மா இரண்டு வாரம் உள்ளே இருந்திருக்கிறாள். அவள் தம்பி ஜாமீனில் எடுத்திருக்கிறான். அவள் வேலை பார்த்த மற்ற வீடுகளிலும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இந்த மாதக் கடைசியில் வழக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, யோசனை சொன்னவன் நான்தானே. ஆனால் பழி முழுவதும் அவள் தலையில்.

நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். பாலிசி தப்பான தகவலின் மேல் கொடுக்கப்பட்டது என்று என் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வாட்சுகளை நீக்கிவிடுவார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், கேட்கட்டும்.

கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டதற்காக என்னை வாசலில் முட்டி போட வைத்தவள் நீ. பூனைக்காகவே அன்று அவ்வளவு கோபப்பட்டாய். வழக்கு நாளுக்கு முன் நீ போகவில்லை என்றால் நான் வந்து சொல்வேன். ஆனால் அவள் கேட்டது உன்னைத்தான். "நீங்க சொல்லுங்கம்மா" என்று.

தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அத்தான் நலமில்லை.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்துல தெரிய வேண்டாம். உன் தம்பிக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா என்னைக் கரையில ஏத்திக் கவுத்துப் போட்டுடுவாங்க" என்றார். சரி என்றேன். தோல் பட்டை வாட்ச் போன வருஷமே போய்விட்டது, எங்கே கழற்றினார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் திருட்டுப் போகவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற நான் வாங்கியதுதான் உன் பாலிசி. என் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சையில் பார்த்து எழுதினால் பேப்பரைக் கிழித்துப் போட்டவள் நான்.

அந்தக் கைக்குட்டையை வெளியே எடுத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திறக்கவில்லை. உனக்கு முடிச்சைப் பற்றி எழுதியது கை தவறி வந்தது இல்லை. என்னால் சொல்ல முடியாததை நீ கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாய் என்று எங்கேயோ ஓர் ஆசை. நீ சொன்னதும் உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அத்தனை நாள் இருந்தேன். அவர் உனக்கு எழுதியதுகூட உன் கடிதம் பார்த்துத்தான் தெரியும்.

போன வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. பணக்கார வீட்டில் வேலைக்காரிக்கு இரக்கம் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். நான் ஒரு கயிறு கேட்டேன். அவருடைய பேனாவைக் கைக்குட்டையில் சுற்றி அத்தானிடம் கொடுத்து, "கட்டிக் குடுங்க" என்றேன். கயிற்றைப் பார்க்கக்கூட இல்லை. இன்ஸ்பெக்டரிடம் அவர் ஊர் எது, கடல் பார்த்திருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டே கட்டிவிட்டார். ஸ்டேஷன் பீரோவிலிருந்து அந்த அறுத்த கயிற்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. அத்தான் வாங்கி, "இழுத்தா இறுகும் சார், தள்ளணும்" என்று ஒரு விரலால் தள்ளினார். அவிழ்ந்துவிட்டது.

"தங்க வாட்சை எங்க சார் வச்சீங்க?" என்று இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

அத்தான் இரகசியம் சொல்வது போலக் குனிந்தார். "இன்னொருத்தர் பையில யாரும் கை வைக்க மாட்டாங்க இல்ல? நீங்க வைப்பீங்களா?"

இன்ஸ்பெக்டர் அன்றே என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். வழக்கு இல்லை என்று ஆகிவிட்டது. பள்ளிக்கும் நானே போய்ச் சொன்னேன். அத்தானுக்கு மாலை போட்டு அனுப்பினார்கள், ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். சமையலம்மா வேலை பார்த்த வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு வீட்டில் மட்டும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஊர் வாயிலிருந்து ஒரு சொல்லைத் திரும்ப வாங்குவது அவ்வளவு சுலபமில்லை.

நேற்று அவளைத் தேடிப் போய், வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். இன்று காலையில் வந்தாள். இளைத்திருந்தாள். அத்தான் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "எங்கம்மா போயிட்ட இத்தன நாளா?" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அது பத்திரமா இருக்கா?" என்று அவளிடம் கேட்டார்.

"இருக்கு ஐயா, பத்திரமா இருக்கு. மாத்திரை போட்டீங்களா?" என்றாள். இல்லை என்றார். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து, இடுப்பில் கை வைத்து நின்று, போட வைத்தாள்.

வாசலில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சுடு என்றேன். திரும்ப வா என்றேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, கோபமாகவும் பேசவில்லை. "ஐயா மறந்துட்டாரு, அவர் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க மறக்கலையேம்மா" என்றாள்.

போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த அவள் பையை வாங்கி வந்து, கிழிந்த காதைத் தைத்து, பழைய ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்தாள், எடுக்காமலே போய்விட்டாள். இனி வர மாட்டாள்.

நீ வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வா. உன்னை அவர் நீ என்று தெரிந்துகொள்ளும்போதே வா. வாட்சுகளைப் பற்றிய கவலை இப்போது எனக்கு இல்லை. பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. அத்தான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோள் படாமல் ஒதுங்கிப் போகிறார். நானும் அதைத் தொடவில்லை.

உன் அக்கா